டைனோசரின் விலாவைக் கவ்விய பாலூட்டி: படம் உண்மையா, கட்டியதா?

செம்பனை ஓரம்:
வணக்கம் மக்களே. மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாய்க்குட்டி அளவில் ஏதோ ஒரு விலங்கு, தன்னைவிடப் பெரிய டைனோசர் மேல் ஏறி விலாவைக் கடித்தபடி கல்லாகக் கிடக்கிறது. ‘பாலூட்டி டைனோசரை வேட்டையாடியது’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர் கணினியில் செய்த படம் என்கிறார்கள், மீதிப் பேர் குட் மார்னிங் படம் அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். நாம் படித்ததெல்லாம், டைனோசர் காலத்துப் பாலூட்டிகள் எலி அளவில் இருந்தன, பகலில் பொந்தில் பதுங்கி ராத்திரியில் பூச்சி தின்றன என்பதுதானே? இதில் எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தட்டி:
கல் உண்மை அண்ணே. ஓவியர் வரைந்த படமும் கூடவே சுற்றுகிறது, அது கற்பனை. கல்லில் எலும்புக்கூடு இரண்டும் பின்னிக் கிடக்கும், ரத்தம் ரோமம் எதுவும் இருக்காது.

2012-இல் சீனாவின் லியாவோனிங் மாநிலத்தில் லூஜியாதுன் என்ற இடத்தில் தோண்டியெடுத்தார்கள். காங் ஹான், கனடா இயற்கை அருங்காட்சியகத்தின் ஜோர்டன் மேலன் ஆகியோர் 2023-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வயது சுமார் 125 மில்லியன் ஆண்டு. கீழே கிடப்பது சிட்டகோசாரஸ், கிளி மூக்குள்ள தாவர உண்ணி, நீளம் 119 சென்டிமீட்டர். மேலே இருப்பது ரெபெனோமாமஸ், அரை மீட்டர்கூட இல்லை. எடையில் டைனோசர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

கிடக்கும் விதத்தைக் கவனியுங்கள். டைனோசர் வயிறு தரையில் பட, பின்னங்கால்களை இரு பக்கமும் மடக்கிக் கிடக்கிறது. பாலூட்டியின் இடது கை அதன் கீழ்த்தாடையைப் பிடித்திருக்கிறது, பின்னங்கால் டைனோசரின் மடங்கிய காலுக்குள் சிக்கி முழங்காலுக்குக் கீழே பற்றியிருக்கிறது, பற்கள் இரண்டு விலா எலும்புகளில். செத்துக் கிடந்ததைத் தின்ன வந்திருந்தால் மற்ற எலும்புகளில் கடித்த தடம் இருந்திருக்க வேண்டும், ஒன்றும் இல்லை. செத்த உடலோடு இப்படிப் பின்னிக் கிடக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. சண்டையின் நடுவிலேயே எரிமலைச் சேறு வந்து இரண்டையும் மூடிவிட்டது என்பதுதான் கட்டுரையின் முடிவு. எரிமலையில் புதைந்த ரோமானிய நகரின் பெயரால் லூஜியாதுனைச் சீனத்துப் பொம்பெயி என்று கூப்பிடுவதே இதனால்தான்.

பழைய மண்டோர்:
சீனாவில் கிடைத்தது என்றதுமே எனக்குச் சந்தேகம் வருகிறது தம்பி. அங்கே குடியானவர்கள் தோண்டி எடுத்து, உடைந்ததை ஒட்டி, நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். 1999-இல் ஆர்கியோராப்டர் என்று உலகமே துள்ளியதே, கடைசியில் பறவை உடம்பில் வேறொரு சின்ன டைனோசரின் வாலை ஒட்டியது என்று நாறியது. அதுவும் இதே லியாவோனிங் சரக்குதான். இரண்டு எலும்புக்கூட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாந்து பூசினால் முடிந்தது. நாற்பது வருஷம் தோட்டத்தில் ஆள் வேலை வாங்கியவன் நான், வேலை பார்த்த மாதிரி காட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியாதா?

கல்தட்டி:
ஐயா, அந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கே இருந்தது. கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் ஒரு வேலை செய்தார்கள்: பாலூட்டியின் இடது கீழ்த்தாடை கல்லுக்குள் மறைந்திருந்த இடத்தில் மேலும் சுரண்டிப் பார்த்தார்கள். தாடை அசல் கல்லுக்குள்ளேயே இறங்கி விலா எலும்பு வரை போகிறது. மேலே சாந்து பூசி ஒட்டியிருந்தால் அது நடக்காது. எந்தக் கைவேலையும் இல்லை என்று நூற்றுக்கு நூறு சத்தியம் செய்ய முடியாது என்றாலும், ஒட்டு வேலைக்காரன் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் போய் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2005-இல் இன்னொரு ரெபெனோமாமஸின் வயிறு இருந்த இடத்தில் குட்டி சிட்டகோசாரஸ் எலும்புகளைக் கண்டார்கள், முழுசாக இருந்தால் 14 சென்டிமீட்டர் வரும். சில எலும்புகள் இன்னும் மூட்டோடு மூட்டாக இருந்தன, அதாவது மெல்லாமல் பெரிய துண்டாக விழுங்கியிருக்கிறது. பற்கள் தேய்ந்திருந்ததால் முட்டைக்குள் இருந்த கரு இல்லை, பிறந்து தின்னத் தொடங்கிய குஞ்சு. அதே கட்டுரையில் இன்னும் பெரிய இனத்தையும் அறிவித்தார்கள், ஒரு மீட்டர் நீளம், 12 முதல் 14 கிலோ. நம்ம வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் கணக்கு. எனவே பாடப்புத்தகம் சொல்வது பெரும்பான்மைக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

எஸ்பிஎம் தலைவலி:
அண்ணே, ரெபெனோமாமஸ்தான் நம்ம முன்னோரா? அப்படியென்றால் கெத்தாக இருக்கும்.

கல்தட்டி:
இல்லை தம்பி. அது வாரிசு இல்லாமல் போன பக்கக் கிளை. நமக்குப் பெரியப்பா முறை வரும், தாத்தா இல்லை. இந்தக் காலத்துப் புதைபடிவங்களில் பெரும்பாலானவை அப்படித்தான்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
நல்ல இழை. எனக்கு வேறொரு கேள்வி. பால் கொடுப்பது, ரோமம் இருப்பது, இவைதான் பாலூட்டியின் அடையாளம் என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம். கல்லில் பால் தெரியாது. பிறகு எந்த அடிப்படையில் இதைப் பாலூட்டி, அதை ஊர்வன என்று பிரிக்கிறார்கள்? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல?

கல்தட்டி:
டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள் பிள்ளைகளை. உள்ளே ஏதோ உருளும். கீழ்த்தாடை மண்டையோட்டில் மாட்டியிருக்கும் மூட்டு அது. நம் கீழ்த்தாடை ஒரே எலும்பு. ஓணானின் தாடையோ பல எலும்புகள் சேர்ந்தது, அதன் மூட்டு பின்பக்கத்தில் வேறு இரண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கிறது. நம்மிடம் அந்த இரண்டு எலும்புகள் எங்கே? தொலையவில்லை. காதுக்குள் போய்விட்டன. நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பு படிக்கிறோமே, அதில் சுத்தியும் பட்டடையும்தான் அந்தப் பழைய தாடை மூட்டு. அங்கவடி மட்டும் முன்பிருந்தே காதில் இருந்தது.

இதைப் புதைபடிவம் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1837-இல் ரைஹெர்ட் என்ற ஜெர்மானியர் கருக்களை அறுத்துப் பார்த்துச் சொன்னார், டார்வின் நூல் வெளிவருவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே. அப்புறம்தான் கல்லில் சாட்சி வந்தது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் மோர்கனுகோடன் என்ற சின்ன விலங்கின் எலும்புத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. வால்டர் கூனே 1949-இல் பெயர் வைத்தார், வயது சுமார் 200 மில்லியன் ஆண்டு. அதன் தாடையில் பழைய மூட்டும் இருக்கிறது, புதிய மூட்டும் இருக்கிறது, இரண்டும் அக்கம்பக்கமாக! ‘பாதி மாறிய மூட்டை வைத்துக்கொண்டு அந்த விலங்கு எப்படிச் சாப்பிட்டிருக்கும்’ என்று கேட்பவர்களுக்குப் பதில் அங்கேயே இருக்கிறது: புதியது வேலைக்கு வந்த பிறகுதான் பழையது ஓய்வுபெற்றது, இடையில் இரண்டும் சேர்ந்து வேலை பார்த்தன.

அடுத்த கட்டமும் கிடைத்திருக்கிறது. 2011-இல் சீனாவிலிருந்து லியாவோகோனோடன் என்ற ஒன்றை ஜின் மெங் குழுவினர் அறிவித்தார்கள். அதில் காது எலும்புகள் தாடை மூட்டை விட்டு விலகிவிட்டன, ஆனாலும் எலும்பாகிப்போன ஒரு நீளமான குச்சி அவற்றை இன்னும் தாடையோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்றும் ஓபோசம் என்ற பாலூட்டியின் குட்டி பிறந்த புதிதில் பழைய மூட்டில்தான் தாடையை அசைக்கிறது, வளர வளரத்தான் மாறுகிறது.

ஆக, பிள்ளைகள் கேட்டால் தாடையும் பல்லும் என்று சொல்லுங்கள். இன்னொன்று, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் பிளாஸ்டிக் டைனோசர் பொட்டலத்தில் முதுகில் விசிறியோடு ஒன்று இருக்கும், டிமெட்ரோடன். அது டைனோசரே இல்லை. டைனோசர்கள் வருவதற்குப் பல மில்லியன் ஆண்டு முன்பே அழிந்துபோனது, உறவுமுறையில் நம்ம பக்கம்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
விரல் வைத்துப் பார்த்தேன். நாளைக்கே வகுப்பில் செய்யப்போகிறேன். சரி, பால்? பால் எப்போது வந்தது என்று ஒரு தடயமும் இல்லையா?

ரப்பர்பால்:
டீச்சர், பால் பற்றிய கேள்வி என்பதால் என் பெயருக்காகவாவது நான் பதில் சொல்ல வேண்டும் 😄

நேரடித் தடயம் இல்லை, பல் மூலமாக ஊகம்தான். பல்லி, முதலை வகையறாவுக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். நமக்குப் பால்பல் ஒரு தடவை, நிலைப்பல் ஒரு தடவை, அவ்வளவுதான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் துல்லியமாகப் பொருந்தி மெல்ல வேண்டுமென்றால் பல் அடிக்கடி மாறக்கூடாது. குட்டி, பல் இல்லாத காலத்தைப் பால் குடித்துக் கழித்தால்தான் இது முடியும். மோர்கனுகோடனுக்கு இந்த இரண்டு தடவை முறை வந்துவிட்டது. எனவே அதன் தாய் பால் கொடுத்திருக்கும் என்கிறார்கள். முலைக்காம்பு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை, பிளாட்டிபஸுக்கு இன்றும் கிடையாது, தோலில் கசிவதைக் குட்டி நக்கிக் குடிக்கிறது.

எஸ்பிஎம் தலைவலி:
பல்லிலேயே இவ்வளவு தெரியுமா? வெப்ப இரத்தமா குளிர் இரத்தமா என்றும் தெரியுமா?

ரப்பர்பால்:
தெரியும், அதுதான் பெரிய அதிர்ச்சி. பல் வேரைச் சுற்றி ஆண்டுக்கு ஒரு வளையமாகப் படிவு சேரும். 2020-இல் மோர்கனுகோடன் பற்களை அதிசக்தி எக்ஸ் கதிரில் வைத்து, பல்லை அறுக்காமலேயே வளையங்களை எண்ணினார்கள். கையளவு விலங்கு 14 ஆண்டு வரை வாழ்ந்திருக்கிறது. கூடவே வாழ்ந்த கூனியோதீரியம் என்ற இன்னொரு சின்ன விலங்கு 9 ஆண்டு. நம்ம வீட்டு மூஞ்சூறு ஒன்றிரண்டு ஆண்டில் முடிந்துவிடும். அப்படியென்றால் மோர்கனுகோடனின் உடம்பு ஊர்வன மாதிரி மெதுவாக ஓடியிருக்கிறது. முழு வெப்ப இரத்தம் எல்லாம் பிறகு வந்தது.

கல்தட்டி:
அதோடு நிறுத்தினால் ஒரு பக்கக் கதை ஆகிவிடும். 2022-இல் நேச்சர் இதழில் வந்த இன்னொரு ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. உட்காதில் உடல் சமநிலைக்காக அரைவட்டக் குழாய்கள் உண்டு, உள்ளே திரவம். உடம்பு சூடானால் திரவம் இளகும், அதற்கு ஈடாகக் குழாய் சிறுத்து வடிவம் மாற வேண்டும். பல இனங்களின் குழாய்களை அளந்து பார்த்தால் சுமார் 233 மில்லியன் ஆண்டு முன்பே மாற்றம் சட்டென்று வந்திருக்கிறது. அதாவது மோர்கனுகோடனுக்கும் முன்னால்.

ரப்பர்பால்:
குழாயின் வடிவத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா, மரத்தில் தாவுவது, வேகமாகத் திரும்புவது. வளையம் அப்படியில்லை, எண்ணினால் எண்ணினதுதான்.

கல்தட்டி:
வளையம் ஆயுளைச் சொல்லும், உடல் வெப்பத்தைச் சொல்லாது. வவ்வால் வெப்ப இரத்தம்தான், சில இனங்கள் 30 ஆண்டுக்கு மேல் வாழ்கின்றன. ஆயுளை வைத்து இரத்தம் குளிர் என்று முடிவு கட்ட முடியாது.

ரப்பர்பால்:
அவர்கள் ஆயுளை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. தொடை எலும்பில் இரத்தக் குழாய் நுழையும் துளையையும் அளந்தார்கள். பல்லிக்கு மேல், இன்றைய பாலூட்டிக்குக் கீழ், நடுவில் நிற்கிறது. எனக்கு அந்த நடுதான் நம்பும்படி இருக்கிறது. எல்லாம் ஒரே நாளில் மாறவேண்டும் என்று என்ன கட்டாயம், தாடையே அப்படி மாறவில்லையே.

கல்தட்டி:
அந்த வாதத்தை ஒத்துக்கொள்ளலாம். ஆனாலும் 233-ஐ விடமாட்டேன் 😄

பழைய மண்டோர்:
நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரத்தில் சாயந்திரமானால் குபோங் என்ற விலங்கு இறங்கும், கையையும் காலையும் விரித்து ஒரு மரத்திலிருந்து தூரத்து மரத்துக்கு ஒரே வழுக்கு. பிள்ளைகள் பார்த்துப் பேய் என்று ஓடுவார்கள். அந்த மாதிரி ஏதாவது அந்தக் காலத்தில் இருந்ததா?

கல்தட்டி:
இருந்தது ஐயா, உங்கள் குபோங்கை அப்படியே உரித்து வைத்த மாதிரி. 2017-இல் சீனாவிலிருந்து மையோபட்டேஜியம் என்று ஒன்று, சுமார் 160 மில்லியன் ஆண்டு. கைக்கும் காலுக்கும் நடுவில் விரிந்த தோல் கல்லில் கறையாகப் பதிந்து கண்ணுக்கே தெரிகிறது. குபோங்கோடு எந்த நெருங்கிய உறவும் இல்லை, தனியாக வந்த வித்தை. தண்ணீருக்குப் போன ஒன்றும் உண்டு: காஸ்டோரோகௌடா, 2006, உள் மங்கோலியா. துடுப்பு போன்ற தட்டை வால், அடர்ந்த ரோமம், மீன் பிடிக்க வளைந்த பற்கள். தரையில் ஓடுவது, குழி தோண்டுவது, மரத்தில் வழுக்குவது, நீந்துவது என்று எல்லாத் தொழிலுக்கும் அப்போதே ஆள் இருந்தது.

நிறம்கூடத் தெரியும் இப்போது. 2025-இல் ஆறு இனங்களின் ரோமத்தில் மிஞ்சியிருந்த நிறத் துகள்களை ஆராய்ந்தார்கள். எல்லாமே ஒரே கரும்பழுப்பு. வரி இல்லை, புள்ளி இல்லை. ராத்திரியில் நடமாடியவை என்ற உங்கள் பாடப்புத்தகத்துக்கு இது ஒரு புள்ளி.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
எனக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் அரிசோனாவில் கயெண்டாதீரியம் என்ற ஒன்றைக் கல்லோடு எடுத்து வந்தார்களாம். அது பாலூட்டி இல்லை, நெருங்கிய உறவு. 2018-இல் அறிக்கை வந்தது. தாயோடு குஞ்சுகள் 38! ஒவ்வொரு மண்டையும் ஒரு சென்டிமீட்டர்தான், ஆனால் தாயின் மண்டை அப்படியே சிறிதானது போன்ற வடிவம், குழந்தை முகமே இல்லை. அத்தனை பிள்ளை பெறுவது ஊர்வன வழக்கம். மூளை பெரிதானபோதுதான் பிள்ளை எண்ணிக்கை குறைந்தது என்று அதை வைத்துச் சொல்கிறார்கள். 38 பேரை ஒரே வகுப்பில் சமாளித்தவள் என்ற முறையில் அந்தத் தாயை எனக்கு நன்றாகப் புரிகிறது.

செம்பனை ஓரம்:
அருமை டீச்சர். சரி, எல்லாம் சீனா, வேல்ஸ், அமெரிக்கா. நம்ம பக்கம்? ஈப்போவிலிருந்து இங்கே வரை இவ்வளவு சுண்ணாம்பு மலை நிற்கிறதே, உள்ளே ஒன்றும் இருக்காதா?

கல்தட்டி:
மலைக்குள் தேடினால் கிடைக்காது அண்ணே. கிந்தா பள்ளத்தாக்குச் சுண்ணாம்பு கடலடியில் படிந்தது, டைனோசர் காலத்துக்கு முந்தையது. சிப்பி, பவளம் கிடைக்கலாம். குகைகளுக்குள் பிற்காலத்தில் சேர்ந்த மண்ணில் வேறு கதை: பத்துமலைக் குகைப் படிவிலும் லெங்கோங் பக்கத்துக் குகையிலும் ஒராங் ஊத்தான் பற்கள் கிடைத்திருக்கின்றன, இன்று தீபகற்பத்தில் அந்தக் குரங்கே கிடையாது. ஆனால் அது மிகச் சமீபத்திய காலம்.

டைனோசர் காலத்துப் பாறை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் மலாயாப் பல்கலைக்கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் அங்கே மீன் தின்னும் டைனோசர் ஒன்றின் பல்லைக் கண்டெடுத்ததாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதல் டைனோசர் எச்சம். இடத்தை வெளியே சொல்லவில்லை, நல்ல வேலை செய்தார்கள்.

பழைய மண்டோர்:
தாய்நாட்டில்?

ரப்பர்பால்:
தமிழ்நாட்டைக் கேட்கிறீர்களா ஐயா? அரியலூர் பக்கம் கல்லமேட்டில் டைனோசர் எலும்பு உண்டு. பாலூட்டி உறவுகளுக்கு வடக்கே போக வேண்டும். தெலங்கானாவில் கோதாவரிப் பக்கம் கோட்டா பாறைகளில் ஜுராசிக் காலத்துப் பற்கள், விகாராபாத் அருகே நஸ்கலில் தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவில் டெக்கானோலெஸ்டஸ் என்ற சின்னப் பாலூட்டி, 1988-இல் அறிவித்தார்கள்.

உங்கள் சந்தேகப் புத்திக்கு ஒரு தீனியும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் டிக்கி என்ற இடத்தில் கிடைத்த ஒற்றைப் பல்லை வைத்து 2005-இல் டிக்கிதீரியம் என்று பெயர் வைத்தார்கள், டைனோசர்கள் தோன்றிய டிரயாசிக் காலம், உலகின் மிகப் பழைய பாலூட்டி உறவுகளில் ஒன்று என்று பேசப்பட்டது. 2024-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் இரண்டு பேர் அந்தப் பல்லை மறுபடி பார்த்துவிட்டு, இது மூஞ்சூறு பல், டைனோசர்கள் போய்ப் பல காலம் கழித்து வந்தது என்று எழுதிவிட்டார்கள்.

பழைய மண்டோர்:
சொன்னேனா இல்லையா! மூஞ்சூறாம்!

கல்தட்டி:
ஐயா, தப்பைப் பிடித்ததும் அதே துறை ஆட்கள்தானே. ஒற்றைப் பல் என்றால் ஆபத்துதான், நான் மறுக்கவில்லை. லூஜியாதுனில் கிடைத்தது இரண்டு முழு எலும்புக்கூடு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள்.

எஸ்பிஎம் தலைவலி:
அண்ணே, பகாங்கில் டைனோசர் பல் இருந்தால் இந்தச் சின்னப் பற்களும் இருக்குமே? எங்கள் மாமா ஜெரான்தூட் பக்கம்தான் இருக்கிறார். பள்ளி விடுமுறையில் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாமா?

கல்தட்டி:
சுத்தியலைத் தூக்காதே தம்பி. அனுமதி இல்லாமல் பாறையை உடைத்தால் ஆய்வாளருக்கும் பயனில்லை, உனக்கும் சிக்கல். அதுவுமில்லாமல் தட்டினால் கிடைக்காது. மோர்கனுகோடன் பல் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். பாறையை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பாக இருந்தால் மெல்லிய அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சும் மண்ணைக் காயவைத்து நுண்ணோக்கியில் ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவார்கள். நூறு கிலோ மண்ணில் ஒரு பல் வந்தாலும் சந்தோஷம்தான். எஸ்பிஎம் பரீட்சையை முடித்துவிட்டு நிலவியல் படிக்கப் போ, உன்னை உட்காரவைத்துப் பொறுக்கச் சொல்வார்கள்.

எஸ்பிஎம் தலைவலி:
சல்லடைக் கண் என்ன அளவு?

கல்தட்டி:
அரை மில்லிமீட்டர். அம்மாவின் மாவுச் சல்லடையை எடுக்காதே.